பக்தாத் முத்திரையும் அமெரிக்க விசாவும்

கேள்வி: அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. 2023-ல் உம்மாவோடும், பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் மாமாவோடும் பக்தாதில் முஹ்யித்தீன் ஆண்டகை தர்காவுக்கு ஜியாரத் போய்வந்தேன். பாஸ்போர்ட்டில் ஈராக் முத்திரை இருக்கிறது. ‘முஸ்லிம் தடை இருக்கும்போது இதைக் காட்டினால் விசா வராது, பாஸ்போர்ட் தொலைந்ததாகச் சொல்லிப் புதிது எடுங்கள்’ என்கிறார் ஏஜென்ட். மதத்தை வைத்து ஒரு நாடு இப்படித் தடுக்க முடியுமா?
– வாசகர், காரைக்கால்

பதில்: முதலில் ஏஜென்ட்டை மாற்றுங்கள். தொலையாத பாஸ்போர்ட்டைத் தொலைந்ததாக எழுதிக் கொடுப்பது இங்கேயே குற்றம். விசாவுக்கான டி.எஸ்.-160 படிவத்தில் கடந்த 5 ஆண்டுகளில் போன நாடுகளைக் கேட்பார்கள். ஈராக்கை மறைத்தது தெரியவந்தால், பொய்த் தகவல் தந்தவர் என்று வாழ்நாள் முழுக்கக் கதவை அடைத்துவிடலாம்.

அந்தத் தடை பார்ப்பது நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை. எங்கே போய்வந்தீர்கள் என்பதை அல்ல. 2025 ஜூனில் டிரம்ப் அறிவித்த தடைப் பட்டியலில் இந்தியா இல்லை, ஈராக்கும் இல்லை. (பட்டியல் அடிக்கடி மாறும், விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) படிவத்தில் மதம் என்ற கட்டமே கிடையாது. சிக்கல் மாமாவுக்குத்தான். பிரெஞ்சுக்காரர்கள் விசா இல்லாமல் அமெரிக்கா போகலாம். ஆனால் 2011 மார்ச்சுக்குப் பிறகு ஈராக் போனவர்களுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, 2015-ல் வந்த சட்டப்படி அந்தச் சலுகை இல்லை. அவரும் உங்களைப் போல விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

சரி, மதத்தை வைத்துத் தடுக்க முடியுமா? மதத்தின் பெயரைச் சொல்லித் தடுப்பது கஷ்டம், நாட்டின் பெயரைச் சொன்னால் முடிகிறது. முஸ்லிம்கள் நுழைவதையே நிறுத்த வேண்டும் என்று டிரம்ப் 2015 டிசம்பரில் தேர்தல் பிரசாரத்தில் பேசினார். 2017 ஜனவரி 27-ல் அவர் கையெழுத்திட்ட ஆணையில் ‘முஸ்லிம்’ என்ற சொல் இல்லை. ஈரான், ஈராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, யேமன் என்று 7 நாடுகள் இருந்தன. ஏழிலும் முஸ்லிம்களே பெரும்பான்மை. நீதிமன்றங்கள் தடுத்ததும் திருத்தி எழுதினார்கள். மூன்றாவது வடிவத்தில் வடகொரியாவையும் வெனிசுவேலா அதிகாரிகள் சிலரையும் சேர்த்தார்கள். அதை 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று ஏற்றுக்கொண்டது. பிரசாரத்தில் பேசியதைக் கணக்கில் எடுக்காமல் எப்படித் தீர்ப்பு சொல்வது என்று நீதிபதி சோட்டோமேயர் எழுதிய மாறுபட்ட தீர்ப்புதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மனித உரிமைச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அந்நிய நாட்டுக்குள் நுழையும் உரிமை யாருக்கும் இல்லை. அதனால் அடி விழுவது குடும்பங்களின் மேல். கணவரும் மகனும் அமெரிக்கக் குடிமக்களாக இருந்த ஒரு யேமன் தாய், சாகக் கிடந்த 2 வயது மகனைப் பார்க்க விதிவிலக்குக் கேட்டு அலைந்தார். விஷயம் செய்தியான பிறகுதான், 2018 டிசம்பரில், விசா வந்தது. அவர் போய்ச் சேர்ந்து சில நாட்களில் குழந்தை இறந்தது.

வெளியுறவுக் கணக்கு வேறு. மொசூலில் ஐ.எஸ். அமைப்புக்கு எதிராக அமெரிக்கப் படையோடு தோளோடு தோள் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது ஈராக் ராணுவம். அந்த நேரத்தில்தான் தடை வந்தது. பதிலுக்கு அமெரிக்கர்களைத் தடுக்கச் சொல்லி பக்தாத் நாடாளுமன்றம் வாக்களித்தது. மார்ச்சில் வந்த இரண்டாவது ஆணையில் ஈராக் பெயர் இல்லை. 2017 செப்டம்பரில் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டைச் சேர்த்தார்கள். பாஸ்போர்ட் அச்சிடும் தாள் தீர்ந்துபோய் அமெரிக்கா கேட்ட மாதிரி பாஸ்போர்ட்டை சாட் அனுப்ப முடியவில்லை என்று அப்போது செய்தி வந்தது! அடுத்த மாதமே போகோ ஹராம் தீவிரவாதிகளுக்கு எதிராக நைஜரில் நிறுத்தியிருந்த படையை சாட் திரும்ப அழைத்தது. காரணம் எதுவும் சொல்லவில்லை. 2018 ஏப்ரலில் அதன் பெயரும் நீங்கியது. 2025-ல் மறுபடி சேர்த்தபோது, அமெரிக்கர்களுக்கு விசா தருவதையே சாட் நிறுத்திவிட்டது. அமெரிக்காவுக்குத் தேவைப்படும் நாடு பட்டியலிலிருந்து சீக்கிரம் வெளியே வருகிறது, சோமாலியா மாதிரி நாடுகள் உள்ளேயே கிடக்கின்றன.

இனி உங்கள் நேர்காணல். ஈராக் எதற்கு என்று கேட்டால், ‘உம்மாவோடு தர்கா ஜியாரத், இத்தனை நாள்’ என்று ஒரே வரியில் சொல்லுங்கள். விமான டிக்கெட், தங்கிய ரசீது இருந்தால் கையில் இருக்கட்டும், கேட்டால் மட்டும் நீட்டுங்கள். கூடுதல் சரிபார்ப்புக்கு 221 ஜி சீட்டு கொடுத்தாலும் பதற வேண்டாம். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம். எனவே வகுப்பு தொடங்கும் தேதியை ஒட்டி நேர்காணலை வைத்துக்கொள்ளாதீர்கள்.