அசையும் சிமுலேட்டர் இருக்கைக்கு எந்த மோட்டார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டிலேயே அசையும் சிமுலேட்டர் (விளையாட்டில் வண்டி அசைவதற்கேற்ப அசையும் இருக்கை) செய்து பார்க்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மோட்டார் தேர்வைப் பற்றியவை. எனவே இம்முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: கார்ப் பந்தய விளையாட்டுக்காக, முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாயக்கூடிய இருக்கை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். இருக்கைக்கு அடியில் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் (எல்லாப் பக்கமும் சாய விடும் மூட்டு), பின்புறம் இரண்டு மோட்டார்கள், ஒவ்வொன்றின் கிராங்கிலிருந்தும் (மோட்டார் அச்சில் பொருத்தும் கை) இருக்கைக்கு ஓர் இணைப்புத் தண்டு என்பது திட்டம். 24 வோல்ட், 200 வாட் வார்ம் கியர் (திருகு ஒன்று பற்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு) மோட்டார் போதும் என்கிறார்கள் சிலர். 500 வாட்டுக்குக் குறைந்து வாங்கவே கூடாது என்கிறார்கள் வேறு சிலர். கியர் விகிதத்திலும் 25:1, 50:1 என்று இரண்டு கிடைக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: மோட்டாரின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உங்கள் இருக்கையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். இருக்கை மோட்டாரிடம் கேட்பவை இரண்டு: இவ்வளவு விசை, இவ்வளவு வேகம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். மெதுவாக மலையையே நகர்த்தும் மோட்டாரும், சுமையில்லாமல் வேகமாகச் சுற்றும் மோட்டாரும் இந்த வேலைக்கு உதவா. விசையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பதே வாட் என்பதால், அந்த எண் கணக்கின் கடைசியில் தானாக வந்து நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இருக்கை, ஸ்டீயரிங், பெடல்கள், அமர்ந்திருப்பவர் எல்லாம் சேர்த்து அசையும் எடை 120 கிலோ என்று கொள்வோம். இந்த எடையின் ஈர்ப்பு மையம் ஜாயின்ட்டுக்கு 10 செ.மீ. முன்னாலும் 30 செ.மீ. மேலேயும் இருக்கிறது, மோட்டார்களின் இணைப்புத் தண்டுகள் ஜாயின்ட்டுக்கு 50 செ.மீ. பின்னால் பொருந்துகின்றன. முன்னால் கவிழப் பார்க்கும் எடையைச் சும்மா பிடித்து நிறுத்தவே இரண்டு தண்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ 235 நியூட்டன், அதாவது ஒவ்வொன்றும் 118 நியூட்டன் விசையுடன் இழுக்க வேண்டும். இருக்கை 7 டிகிரி முன்னால் சாய்ந்திருக்கும்போது, ஈர்ப்பு மையம் உயரத்தில் இருப்பதால் ஒவ்வொரு தண்டிலும் மேலும் 43 நியூட்டன் ஏறும். இவை இரண்டும் அசையாமல் நிற்பதற்கான செலவு. இருக்கையைச் சட்டென்று கிளப்ப ஆகும் செலவு தனி: நிலைமத் திருப்புத்திறன் (சுழற்றுவதை எடை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) 20 கிலோகிராம் சதுர மீட்டர் என்றும், ஒரு நொடியில் சாயும் வேகம் 200 டிகிரி கூடும் அளவுக்கு முடுக்கம் வேண்டும் என்றும் வைத்தால், தண்டுக்கு 70 நியூட்டன் ஆகிறது. மொத்தம் 231 நியூட்டன்.

வேகத்துக்கு வருவோம். இருக்கை நொடிக்கு 40 டிகிரி வேகத்தில் சாய வேண்டுமானால் தண்டு நொடிக்கு 35 செ.மீ. நகர வேண்டும். விசையையும் இந்த வேகத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 81 வாட். ஆனால் வார்ம் கியரில் உராய்வு மிகுதி. 50:1 விகிதத்தில் உள்ளே செல்லும் ஆற்றலில் பாதியை ஒட்டியே வெளியே வரும். திறன் 55 விழுக்காடு என்று வைத்தால், மோட்டார் தர வேண்டியது 147 வாட். எனவே இந்த அளவுள்ள இருக்கைக்கு 200 வாட் மோட்டார் இரண்டு போதும் என்று தயங்காமல் சொல்லலாம். திரைகள், முழுச் சட்டகம் எல்லாம் சேர்ந்து அசைந்து எடை 200 கிலோவைத் தாண்டும் அமைப்பில்தான் 500 வாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். பெரிய மோட்டாருக்குக் கனமான ரோட்டர் (உள்ளே சுழலும் பகுதி), கூடுதல் மின்னோட்டம், பெரிய டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அனுப்பும் சுற்று), பெரிய பவர் சப்ளை என்று செலவு தொடர்ந்து ஏறும். மேலும், கனமான ரோட்டரையே வேகப்படுத்தி நிறுத்துவதில் அதன் திறனில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

இனி கியர் விகிதம். நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும் 200 வாட் மோட்டார் 0.64 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். அதை 50:1 கியரில் பூட்டினால் நிமிடத்துக்கு 60 சுற்றும், இழப்பு போக 17.5 நியூட்டன் மீட்டரும் கிடைக்கும். 6 செ.மீ. கிராங்க் மாட்டினால் தண்டில் 290 நியூட்டன், நொடிக்கு 38 செ.மீ. வேகம். அதே மோட்டாரில் 25:1 கியரையும் 4 செ.மீ. கிராங்கையும் மாட்டினால், இந்த விகிதத்தில் உராய்வு குறைந்து திறன் ஏறத்தாழ 65 விழுக்காடு ஆவதால், 257 நியூட்டன், நொடிக்கு 50 செ.மீ. இரண்டு முடிவுகளும் எவ்வளவு அருகருகே வந்து நிற்கின்றன என்று பாருங்கள். கிராங்கின் நீளமும் ஒரு கியர்தான். பலர் இதைக் கவனிக்காமல் மோட்டாரை மாற்றிப் பணத்தை இழக்கிறார்கள். கிராங்கில் 4, 5, 6 செ.மீ. என்று மூன்று துளைகள் போட்டிருந்தால் அந்த மாற்றத்தை ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டிச் செய்திருக்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சாய்வின் எல்லையில் தெரியும்: 6 செ.மீ. கிராங்க் ஏறத்தாழ 7 டிகிரி வரையும், 4 செ.மீ. கிராங்க் நாலரை டிகிரி வரையும் இருக்கையைச் சாய்க்கும். பந்தய விளையாட்டுக்கு நான் 25:1 விகிதத்தையே பரிந்துரைப்பேன். நிதானமாகச் சாய்ந்து திரும்பும் விமான விளையாட்டு என்றால் 50:1.

எடையைப் பற்றி இன்னும் ஒரு குறிப்பு. ஜாயின்ட்டை ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே கொண்டுவந்துவிட்டால் 118 நியூட்டன் சுமை முழுவதும் போய்விடுமே என்று தோன்றும். அப்படிச் செய்தால், கியர் பற்கள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாறும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று ஓர் அதிர்வு கேட்கும். எடை சற்றே முன்னால் சாய்ந்திருந்தால் தண்டுகள் எப்போதும் இழுவிசையிலேயே இருக்கும். பற்களும் ஒரே பக்கமாக அழுந்தியிருக்கும். கியரில் உள்ள ஆட்டம் உடலுக்குத் தெரியாது. ஆகவே சுமையைக் குறையுங்கள், முழுவதும் ஒழித்துவிடாதீர்கள்.

கேள்வி: 7 டிகிரி சாய்வு மிகக் குறைவாகத் தோன்றுகிறது. 20 டிகிரி வரை சாயும்படி செய்தால் உணர்வு கூடாதா?

பதில்: கூடாது. சாய்வு எவ்வளவு என்பதைவிட, சாய்வு எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறது என்பதையே நம் உள்காது முதலில் கவனிக்கிறது. பிரேக்கை மிதித்த அந்தக் கணத்தில் இருக்கை இரண்டு டிகிரி முன்னால் சாய்ந்தால் மூளை அதைப் பிரேக் என்று ஏற்றுக்கொள்ளும்; அரை நொடி தாமதித்துப் பத்து டிகிரி சாய்ந்தால் குமட்டல்தான் வரும். 20 டிகிரிக்காக நீளமான கிராங்க் போடுபவர், விசையையும் விட்டுக்கொடுக்கிறார்.

கேள்வி: பழைய காரின் வைப்பர் மோட்டார்கள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த முடியுமா?

பதில்: முதல் முயற்சிக்கு, எடை குறைந்த இருக்கைக்கு, முடியும். ஆனால் மூன்று செய்திகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். முதலாவது, பல வைப்பர் மோட்டார்களில் எதிர்முனை மோட்டாரின் உலோக உடலோடு இணைந்திருக்கும். காரில் அது ஒரே திசையில் சுற்றுவதால் பிரச்சினை இல்லை; இங்கே திசையை மாற்ற மின்முனைகளை மாற்றுவதால், உடல் சில வேளை நேர்முனையாகிவிடும். இரண்டு மோட்டார்களையும் ஒரே இரும்புச் சட்டகத்தில் திருகினால் நேரடியான ஷார்ட் சர்க்யூட்தான். மோட்டாரைத் திறந்து அந்த இணைப்பைப் பிரித்துத் தனி வயராக வெளியே எடுக்க வேண்டும், அல்லது சட்டகத்திலிருந்து மின்காப்பு செய்து பொருத்த வேண்டும். இரண்டாவது, இரண்டு வேகங்களுக்காக உள்ளே மூன்று பிரஷ்கள் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் துண்டுகள்) இருக்கும். வேகத்துக்கான பிரஷ் நேர் எதிரே அமையாமல் தள்ளி அமைந்திருப்பதால் இரு திசையிலும் மோட்டார் ஒரே மாதிரி சுற்றாது. எனவே குறைந்த வேகத்துக்கான பிரஷ்ஷையே பயன்படுத்துங்கள். மூன்றாவது, உள்ளே இருக்கும் சக்கரம் பெரும்பாலும் பிளாஸ்டிக். கண்ணாடியைத் துடைக்கச் செய்த பல், மனிதரைச் சுமந்து நொடிக்குப் பல முறை திசை மாறும்போது நெடுநாள் தாங்காது.

மின்சார சக்கர நாற்காலியின் மோட்டார் கிடைத்தால் வைப்பர் மோட்டாரை மறந்துவிடலாம். அது 24 வோல்ட்டில், ஒரு மனிதரைச் சுமந்து இரு திசையிலும் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது.

கேள்வி: ஸ்டெப்பர் மோட்டார் (கட்டளைக்கு ஒரு சிறு படியாகச் சுற்றும் மோட்டார்) பொருத்தினால் நிலையை அளக்கும் சென்சாரே வேண்டாம் என்கிறார்களே?

பதில்: வேண்டாம், அந்த யோசனையை விட்டுவிடுங்கள். வேகம் கூடக் கூட ஸ்டெப்பரின் முறுக்குவிசை சரிந்துவிடும். சுமை ஒரு கணம் மிஞ்சினால் அது படி தவறிவிடும். தவறியதை அதுவே அறியாது. இருக்கை எங்கே இருக்கிறது என்று கணினி நினைப்பதும் உண்மை நிலையும் வேறுவேறாகிவிடும். மனிதர் அமரும் இயந்திரத்தில் இது ஏற்கத்தக்கதன்று.

கேள்வி: கிராங்குக்குப் பதிலாக, நான்கு மூலையிலும் நேர்கோட்டில் நீளும் ஆக்சுவேட்டர்கள் (மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டுகள்) வைத்து முழுச் சட்டகத்தையும் தூக்க விரும்புகிறேன். கட்டில், கதவு ஆகியவற்றுக்கு விற்கும் 12 வோல்ட் ஆக்சுவேட்டர் 100 கிலோ தூக்கும் என்று போட்டிருக்கிறது. போதாதா?

பதில்: தூக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டிய வேகத்தில் தூக்காது. அவ்வகை ஆக்சுவேட்டர்கள் பெரும்பாலும் நொடிக்கு 10 முதல் 30 மி.மீ. வரையே நகரும். 20 மி.மீ. வேகத்தில் 50 மி.மீ. உயர இரண்டரை நொடி ஆகும். அதற்குள் வளைவே முடிந்துவிடும். சாலையின் கரடுமுரடைக் காட்ட, நொடிக்கு 10 முறை, மேலே 2 மி.மீ., கீழே 2 மி.மீ. என்று அதிர வைப்பதாகக் கொள்ளுங்கள்: அதற்கே உச்ச வேகம் நொடிக்கு 126 மி.மீ. தேவை. தவிர, இவை சில நிமிடம் ஓடிப் பல நிமிடம் ஓய்வெடுக்கும்படி செய்யப்பட்டவை. இடைவிடாமல் ஓட்டினால் சுருள் சூடேறிக் கருகும்.

நான்கு மூலைத் திட்டத்துக்கு உரியது ஏசி சர்வோ மோட்டாரும் (தன் நிலையை அளந்து தானே திருத்திக்கொள்ளும் மோட்டார்) பால் ஸ்க்ரூவும் (திருகுக்கும் நட்டுக்கும் இடையே குண்டுகள் உருளும் அமைப்பு) சேர்ந்த அமைப்பு. பரவலாகப் பயன்படுவது 750 வாட், 2.4 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 3000 சுற்று என்ற அளவு. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் ஸ்க்ரூவில் இது நொடிக்கு 250 மி.மீ. வேகத்தையும், திறன் 90 விழுக்காடு என்று வைத்தால் ஏறத்தாழ 2700 நியூட்டன் விசையையும் தரும். 10 மி.மீ. ஸ்க்ரூவில் வேகம் 500 ஆக இரட்டிக்கும். விசை 1350 ஆகப் பாதியாகும். மொத்த எடை 200 கிலோ என்றால் ஒரு மூலைக்கு 490 நியூட்டன். புவியீர்ப்பில் பாதி அளவு முடுக்கத்துடன் மேலே தள்ள 735 நியூட்டன். எனவே 10 மி.மீ. ஸ்க்ரூவும் தாங்கும். அசைவின் நீளம் 100 மி.மீ. ஆக இருந்து, அந்த முழு நீளத்தையும் நொடிக்கு ஒரு முறை போய்வர வேண்டும் என்று கேட்டால் உச்ச வேகம் 314 மி.மீ. ஆகிவிடும், அங்கே 5 மி.மீ. ஸ்க்ரூ பின்தங்கும். சாலை அதிர்வும் சிறு சாய்வுகளும் போதும் என்பவர் 5 மி.மீ. ஸ்க்ரூவிலேயே நிறைவடையலாம், எடையைச் சும்மா தாங்கி நிற்கும்போதும் மோட்டார் குறைவாகவே சூடேறும்.

கேள்வி: 24 வோல்ட் பவர் சப்ளை, அர்டுயினோ (சிறு கட்டுப்பாட்டுக் கணினி), எச்-பிரிட்ஜ் (மோட்டாரின் திசையை மாற்றும் மின்சுற்று) எல்லாம் இணைத்துவிட்டேன். இருக்கை வேகமாகத் திசை மாறும்போது மட்டும் பவர் சப்ளை அணைந்துவிடுகிறது. மோட்டார் பழுதா?

பதில்: மோட்டார் நன்றாகவே இருக்கிறது. திசை மாறும்போது இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடக்கின்றன. வேகமாகச் சுற்றும் ரோட்டரை நிறுத்தும்போது மோட்டார் ஒரு ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை பவர் சப்ளையை நோக்கியே திருப்பி அனுப்பும். சப்ளையில் மின்னழுத்தம் ஏறிப் பாதுகாப்புச் சுற்று அதை அணைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு நேரடியாக எதிர்த்திசை மின்னழுத்தம் கொடுத்தாலோ, நின்ற நிலையில் பிடித்து வைத்தால் பாயும் மின்னோட்டத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பாய வாய்ப்புண்டு. அப்போது மிகை மின்னோட்டத்தால் அணையும். இரண்டாவதற்கு மருந்து மென்பொருளில் இருக்கிறது: மோட்டாருக்குச் செல்லும் கட்டளை ஒரே தாவலாக மாறாமல், சில மில்லி நொடிகளில் படிப்படியாக மாறும்படி செய்யுங்கள். முதலாவதற்கு, மின்னழுத்தம் மிஞ்சும்போது ஆற்றலை வெப்பமாக்கும் பிரேக் ரெசிஸ்டர் சுற்று வேண்டும். இரண்டு 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்துப் பயன்படுத்துவது இன்னொரு வழி. திரும்பிவரும் மின்சாரத்தைப் பேட்டரி ஏற்றுக்கொள்ளும்.

எச்-பிரிட்ஜின் மேல் 43 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது சிப் தாங்கும் உச்ச எல்லை. சிறிய அலுமினியத் தகட்டோடு தொடர்ந்து அவ்வளவு தாங்காது. மின்விசிறி ஒன்றைப் பொருத்துங்கள்.

கேள்வி: மின்சாரம் நின்றால் இருக்கை விழுந்துவிடுமா? வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பதில்: மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. 50:1 போன்ற உயர்ந்த விகித வார்ம் கியர் பெரும்பாலும் பின்னோக்கிச் சுழலாது. நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். 25:1 விகிதத்தில் அதை அப்படி நம்ப முடியாது. அதிர்வில் மெல்ல இறங்கலாம். பால் ஸ்க்ரூவில் உராய்வு மிகக் குறைவாதலால் மின்சாரம் நின்றதும் எடை மோட்டாரைச் சுழற்றிக்கொண்டு கீழே வரும். மின்சாரம் போனால் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் உள்ள சர்வோவை வாங்குங்கள். அந்தக் கூடுதல் செலவைத் தவிர்க்காதீர்கள்.

விழுவதைவிட அஞ்ச வேண்டியது, நிலையை அளக்கும் சென்சார் தேய்ந்து கெடுவதோ, அதன் வயர் அறுந்துபோவதோதான். இருக்கை இன்னும் இலக்கை அடையவில்லை என்று கணினி எண்ணிக்கொண்டே மோட்டாரை முழு விசையில் ஒரு பக்கமாக ஓட்டும். இதனால்தான், தேய்ந்துபோகும் கார்பன் பொட்டென்ஷியோமீட்டரைவிட (சுழலும் கோணத்தை மின்தடையால் அளப்பது) காந்தமும் ஹால் சென்சாரும் (காந்தப்புலத்தைத் தொடாமலே உணர்வது) சேர்ந்த அமைப்பு நல்லது. சென்சார் அளவு எல்லையைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்தும் கட்டளையும் நிரலில் இருக்க வேண்டும். அதற்கும் மேலாக, கிராங்க் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடாதபடி இரும்புத் தடைகள் வேண்டும். சிவப்பு நிறுத்தப் பொத்தான் அமர்ந்திருப்பவரின் கைக்கு எட்ட ஒன்றும், வெளியே நிற்பவருக்கு ஒன்றுமாக இருக்கட்டும். அவை அர்டுயினோவுக்குச் செய்தி அனுப்புபவையாக இராமல், மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தையே துண்டிப்பவையாக இருக்க வேண்டும். தண்டுகளும் கிராங்கும் அசையும் இடத்தைக் குழந்தையின் விரல் நுழையாதபடி தகடு போட்டு மூடுங்கள்.

முதல் ஓட்டத்தில் யாரும் அமர வேண்டாம். இருக்கையில் மணல் மூட்டைகளைக் கட்டி, 24 வோல்ட்டுக்குப் பதிலாக 12 வோல்ட் கொடுத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மோட்டாரின் சூட்டையும் ஒவ்வொரு போல்ட்டின் இறுக்கத்தையும் பாருங்கள். பிறகு 24 வோல்ட்டிலும் அதையே செய்யுங்கள். இடையில் ஓடும்போதே சென்சார் வயரை வேண்டுமென்றே ஒருமுறை கழற்றுங்கள். மோட்டார் உடனே நிற்கவில்லையென்றால், நிற்கும்வரை யாரையும் ஏற்றாதீர்கள்.