கறவைக்கு ஆள் வராத நாளில்: பால் பண்ணைக் கேள்வி-பதில்

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோதும், 2021 மே மாதம் இரண்டாம் அலை அடித்தபோதும் டீக்கடை மூடியது, பஸ் நின்றது. மடியில் பால் சுரப்பது மட்டும் நிற்கவில்லை. 'அன்றைக்குத் திண்டாடிவிட்டோம். இன்னொரு கொள்ளைநோய் வந்தால் பண்ணையை எப்படி ஓட்டுவது?' என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில்.

32 கலப்பின மாடுகள், அதில் 25 கறவையில். ஐந்து ஆட்கள். மூன்று பேர் ஒடிசாக்காரர்கள், பண்ணையிலேயே ஒரே அறையில் தங்குகிறார்கள். கொரோனா சமயத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் ஐந்து பேரும் படுத்துவிட்டார்கள். எப்படிப் பிரித்து வைத்திருக்க வேண்டும்?
– வாசகர், பொள்ளாச்சி

கொட்டகையைவிட அந்த அறையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நம் ஊர் மாட்டுக் கொட்டகை நாலு பக்கமும் திறந்தது, காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பத்துக்குப் பத்து அறையில் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு மூன்று பேர் எட்டு மணி நேரம் தூங்குவதுதான் ஆபத்து. அதனால் முதல் செலவு மருந்துத் தெளிப்பானுக்கு அல்ல, ஆளுக்கொரு கொசுவலைக்கு. வலை இருந்தால் ஜன்னல் திறந்திருக்கும். கட்டில்களுக்கு நடுவே ஆறடி விடுங்கள். இடம் போதாவிட்டால் ஒருவரைத் திண்ணைக்கோ பம்புசெட் அறைக்கோ மாற்றலாம். ஜெனரேட்டர் ஓடும் அறையில் மட்டும் யாரையும் படுக்க வைக்காதீர்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

அடுத்தது ஆட்களைப் பிரிப்பது. இரண்டு மாட்டை ஒரே நேரத்தில் கறக்கும் பக்கெட் மெஷின் என்றால், பழகிய ஒருவர் மணிக்கு 12 மாடு கறந்துவிடுவார். 25 மாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மடி கழுவவும் கேன் தூக்கவும் துணைக்கு ஒருவர். ஆக, ஒரு கறவைக்கு இரண்டு பேர் போதும், ஐந்து பேரும் கூடி நிற்க வேண்டியதில்லை. காலை 4 மணிக் கறவைக்கு ஒரு ஜோடி, மாலை 3 மணிக்கு இன்னொரு ஜோடி. இரண்டு ஜோடியும் முகம் பார்த்துக்கொள்ளாதபடி நடுவில் அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிறேன் என்று கலைத்துவிட்டால் பிரித்ததற்கே அர்த்தமில்லை.

பலர் தவறுவது இங்கேதான்: ஒரே அறையில் படுப்பவர்களை வெவ்வேறு ஜோடியில் போடுவார்கள். காகிதத்தில் பிரிவு, ராத்திரி அறையில் கூட்டு. உங்கள் விஷயத்தில் அறையிலேயே தங்கும் இருவர் ஒரு ஜோடி, உள்ளூர்க்காரர் இருவர் இன்னொரு ஜோடி. ஒடிசாக்காரரில் மூன்றாமவருக்குத் தனிப்படுக்கை. தீவனத் தட்டு வெட்டுவது, சாணம் அள்ளுவது போன்ற தனியாள் வேலை அவருடையது. ஆனால் மெஷின் ஓட்டவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஜோடி படுத்தால் இறங்க வேண்டியவர் அவர்தான்.

முகக்கவசம் கறவையின்போது வேர்வையிலும் வெந்நீர் ஆவியிலும் நனைந்துவிடும். நனைந்தது சரியாக வடிகட்டாது, மூச்சும் முட்டும், தாடைக்கு இறங்கிவிடும். ஒரு ஷிப்டுக்கு ஆளுக்கு மூன்று கொடுங்கள். தனியாகச் சாணம் அள்ளுபவருக்கு அது தேவையில்லை. பால் அறை, வண்டி கேபின், சொசைட்டி வரிசை, இந்த மூன்று இடத்தில் கட்டாயம். சானிடைசர் பாட்டிலைக் கொட்டகையில் தொங்கவிடுவதிலும் பெரிய பயனில்லை. சாணமும் பாலும் ஒட்டிய கையில் அது வேலை செய்யாது. குழாயடியில் சோப்பு வையுங்கள்.

கடைசியாகக் கூலி. காய்ச்சல் என்று சொன்னால் சம்பளம் போய்விடும் என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு கறக்க வந்துவிடுவார்கள். படுத்த நாளுக்கும் முழுச் சம்பளம், சாப்பாடு, ஊருக்குப் பேச ரீசார்ஜ் உண்டு என்று நோய் வருவதற்கு முன்பே, அவர்கள் மொழி தெரிந்தவரை வைத்துச் சொல்லிவிடுங்கள். கொரோனாவுக்கு 2021-இல் வீட்டுத்தனிமை என்பது அறிகுறி தொடங்கி 10 நாள், அதிலும் கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல். ஒருவரின் 10 நாள் கூலியையும் ஐந்து பேரும் ஒன்றாகப் படுத்த வாரத்தின் நஷ்டத்தையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். காய்ப்பு ஏறிய, குளிர்ந்த விரலில் அது தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலில் ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். 94-க்குக் கீழே போனால் 108-ஐ அழையுங்கள், காத்திருக்காதீர்கள்.

14 மாடு, கைக்கறவை. கறப்பவர் வராமல் போனால் நானும் மனைவியும்தான். ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் கறக்கலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

எல்லா மாட்டையும் அப்படிச் செய்யக் கூடாது. மாடுகளை மூன்றாகப் பிரியுங்கள்.

ஏழு மாதம் தாண்டிய சினை மாடுகளை உடனே வற்ற விடலாம், அதாவது கறப்பதை நிறுத்திப் பால் சுரப்பதை ஓய விடலாம். எப்படியும் கன்று போடுவதற்கு 60 நாள் முன்பு வற்ற வைக்க வேண்டியதுதான். சினை ஐந்தாறு மாதம் ஆகி, நாளுக்கு 7, 8 லிட்டருக்குக் கீழே வந்துவிட்ட மாடுகளை ஒரு வேளைக் கறவைக்கு மாற்றலாம். பால் ஏறக்குறைய கால்பங்கு குறையும், அதற்குத் தகுந்தபடி அடர்தீவனத்தையும் குறையுங்கள். கன்று போட்டு மூன்று மாதத்துக்குள் இருப்பவற்றுக்கு இரு வேளை கட்டாயம். அவற்றில் ஒரு வேளை விட்டால் மடி இறுகும், பால் கசியும், காம்புத் துளை வழியே கிருமி ஏறும். மடிநோய் வந்த காம்பு பழைய கறவைக்குத் திரும்பாமலே போகலாம்.

வற்ற வைக்கும்போது அடர்தீவனத்தை நாலைந்து நாளில் படிப்படியாகக் குறைத்து, வைக்கோலைக் கூட்டுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். அது பழைய பழக்கம், வெயிலில் மாடு சுருண்டுவிடும். கடைசியாக ஒருமுறை ஒட்டக் கறந்து, காம்பு நுனியைத் துடைத்து, மருத்துவர் சொன்னால் வற்றுக்கால மருந்துக் குழலை ஏற்றி, காம்பை அயோடின் கரைசலில் நனைத்து விட்டுவிட வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நாள் மடி வீங்கித்தான் இருக்கும். பாவமென்று கொஞ்சம் கறந்துவிட்டால் உடம்பு மறுபடி சுரக்கத் தொடங்கும், வற்றவே வற்றாது. சிவந்து, சூடாகி, கல்போல் ஆனாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் கறந்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

ஆள் இல்லாத வாரத்தில் மைத்துனரைக் கறக்க விட்டேன். ஊசி போட்ட மாட்டின் பாலையும் கேனில் ஊற்றிவிட்டார். மொத்தப் பாலும் திரும்பி வந்தது. புது ஆளுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த மாட்டுக்கு ஊசி போட்டது என்பது படுத்துக்கிடந்த ஆளின் தலையில்தான் இருந்தது. இப்போதே சரிசெய்ய வேண்டியது அதைத்தான். ஊசி போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்புத் துணி கட்டுங்கள். கழுத்தில் கட்டினால் மடியருகே குனிந்திருப்பவர் கண்ணில் படாது. பால் அறைச் சுவரில் ஒரு கரும்பலகை: மாட்டு எண், தீவனம் எத்தனை கிலோ, எந்தக் காம்பு கெட்டது, எந்தத் தேதிவரை பால் தனி. மருந்து அட்டையில் உள்ள விலக்கு நாளை (பாலை விற்கக் கூடாத நாள் கணக்கு) கூட்டித் தேதியாகவே எழுதிவிடுங்கள். 'மூன்று நாள்' என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்று கேள்வி வரும். மடிநோய் மாடு கடைசியில்தான், தனி வாளியில்.

மெஷினில் புது ஆள் கெடுப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, மடி கழுவிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். காம்பைத் துடைத்து ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் குப்பியை (காம்பில் பொருத்தும் மெஷின் உறையை) மாட்ட வேண்டும். தாமதித்தால் பால் இறங்கிய நேரம் போய்விடும், மிச்சம் மடியிலேயே தங்கும். இன்னொன்று, பால் நின்ற பிறகும் குப்பியை விட்டுவைத்து, பிறகு வெற்றிடத்தை அடைக்காமல் வெடுக்கென்று இழுப்பது. காம்பு நுனி சிவந்து, தடித்து, நாளடைவில் பூப்போல வெடிக்கும். வால்வை மூடி, இரண்டு நொடி பொறுத்தால் குப்பி தானாகக் கையில் விழும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. வற்றும் நிலையிலுள்ள சாதுவான மாட்டில் நாலு நாள் செய்து பழக வேண்டும், அதுவும் ஊரில் நோய் இல்லாத நாளில்.

பிளீச்சிங் பவுடரைக் கொட்டகை முழுக்க, மாட்டின் மேலும் அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். பாலில் வாடை வருகிறது என்று சொசைட்டியில் சொல்கிறார்கள்.
– வாசகர், நாமக்கல்

மாட்டின் மேலோ மனிதர் மேலோ அடிக்க வேண்டாம். தோலும் கண்ணும் எரிவதுதான் மிச்சம். சாணம் கிடக்கும் தரையில் தெளிப்பதும் வீண். சாணம் குளோரினைத் தின்றுவிடும். முதலில் கழுவி, தண்ணீர் வடிந்த பிறகுதான் மருந்து.

கைபடும் இடங்கள் போதும்: கேன் கைப்பிடி, கேட் தாழ்ப்பாள், மோட்டார் சுவிட்சைச் சுற்றி (மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஈரத்துணியால்), கழிவறை. 30% குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 33 கிராம் போட்டால் 0.1% கரைசல், தினசரித் துடைப்புக்கு அது போதும். நோயாளி இருந்த அறைக்கும் கழிவறைக்கும் 10 லிட்டருக்கு 330 கிராம், அதாவது 1%. பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள், உலோகத்தில் நிற்கவிட்டால் அரிக்கும். அன்றன்று கரையுங்கள். கோடையில் திறந்து கிடந்த மூட்டையில் பேருக்குத்தான் குளோரின் இருக்கும். பால் அறையில் இதுவும் வேண்டாம், பினாயிலும் வேண்டாம். பால் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

பண்ணைக்கே உரிய ஓர் ஆபத்து இதில் இருக்கிறது. கறவை மெஷினை வாரம் ஒருமுறை பால்கல் (உள்ளே படியும் வெள்ளைப் படிவு) எடுக்க அமிலக் கரைசலில் கழுவுகிறோம். அந்த வாளியில் மிச்சம் இருக்கும்போதே பிளீச்சிங் கரைத்தால் குளோரின் வாயு வரும். காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும், குனிந்து கழுவுபவர் முகத்துக்கு நேராக வரும். இருமலோடு மூச்சடைக்கும். உடனே காற்று வரும் பக்கமாக வெளியேற வேண்டும், வாளியைக் கவிழ்க்கிறேன் என்று நிற்கக் கூடாது. அமிலத்துக்குச் சிவப்பு வாளி, பிளீச்சிங்குக்கு நீல வாளி என்று பிரித்து, வேறு வேறு அறையில் வையுங்கள்.

தினமும் 120 லிட்டர் வாங்கும் தனியார் வண்டி ஊரடங்கில் வரவில்லை. அப்படி மறுபடி ஆனால் பாலை என்ன செய்வது?
– வாசகர், ஈரோடு

நெய்தான். பன்னீருக்குக் குளிர்பெட்டி வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. பால்கோவாவுக்கு விறகும் கிளற ஆளும் வேண்டும், ஆள்தான் இல்லையே. 4% கொழுப்புள்ள 120 லிட்டரில் கொழுப்பு 4.8 கிலோ. கிரீம் செப்பரேட்டரில் பிரித்தால் ஏறக்குறைய 12 கிலோ கிரீம், உருக்கினால் நாலு முதல் நாலரைக் கிலோ நெய். பாலைச் சூடாக, 40 டிகிரி அளவில் விட வேண்டும். ஆறிய பாலில் கொழுப்பு சரியாகப் பிரியாது. மிஞ்சும் 100 லிட்டருக்கு மேற்பட்ட கொழுப்பில்லாப் பாலைத் தயிராக்கலாம், இரண்டு மாதம் தாண்டிய கன்றுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். வெளியில் விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

வாய்க்காலில் கொட்டாதீர்கள். பால் அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், குளத்து மீன் மிதக்கும். பால் விற்கவில்லை என்று எல்லா மாட்டுக்கும் தீவனத்தை வெட்டுவதும் கூடாது. அதிகம் கறக்கும் மாடு உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும், பிறகு பருவத்துக்கு வராது. திருவண்ணாமலைக்காரருக்குச் சொன்னதுபோல் மாடு பார்த்து வற்ற விடுங்கள்.

மாட்டுக்கும் கொரோனா வருமே, அதற்குத் தடுப்பூசிகூட இருக்கிறதே? அமெரிக்காவில் மாட்டுக்குப் பறவைக் காய்ச்சல் வந்து ஆட்களுக்கும் தொற்றியதாமே?
– வாசகர், சேலம்

மாட்டுக் கொரோனா வேறு வைரஸ். கன்றுக் கழிச்சலுக்கு அது ஒரு காரணம், அந்தத் தடுப்பூசி மனிதக் கொரோனாவைத் தடுக்காது. மனிதக் கொரோனாவை மாடுகளுக்குள் செலுத்திச் சோதித்தபோது அது அவற்றில் பெரிதாகப் பெருகவில்லை. கொரோனாவில் பண்ணைக்கு ஆபத்து ஆளிடமிருந்து ஆளுக்குத்தான்.

பறவைக் காய்ச்சல் கதை அப்படியல்ல. 2024 மார்ச்சில் டெக்சாஸ், கான்சாஸ் மாநிலங்களில் கறவை மாடுகளில் எச்5என்1 உறுதியானது. பால் திடீரென்று குறைந்து, சீம்பால் போல மஞ்சளாகக் கெட்டிப்பட்டது. வைரஸ் பாலிலேயே ஏராளமாக இருந்தது, கறவைக் கருவிகள் வழியாக மாட்டுக்கு மாடு பரவியது. பச்சைப் பால் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. ஆட்களில் பலருக்கு முதலில் தெரிந்தது கண் சிவப்பு. இதற்கு முகக்கவசம் மட்டும் போதாது, மடியிலிருந்து தெறிக்கும் பால் கண்ணில் படலாம். கைக்கறவையில் நம் முகம் காம்புக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

கோழிகளைத் தீவனத் தொட்டியில் மேயவிடாதீர்கள். கெட்டுப்போன பாலைப் பூனைக்கும் நாய்க்கும் ஊற்றாமல், கொதிக்க வைத்துக் குழியில் கொட்டுங்கள். சந்தேகமான மாட்டைக் கறப்பவருக்குப் பக்கமும் மூடிய கண்ணாடியும் கையுறையும் வேண்டும். கையுறைக் கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், வியர்க்கும்போது எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். ஒரே நேரத்தில் நாலைந்து மாடுகளில் பால் மஞ்சளாகக் கெட்டிப்பட்டால் மடிநோய் என்று நீங்களே ஊசி போட்டுவிடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அவர் வரும்வரை அந்த மாடுகளை நகர்த்தாமல், தனி வாளியில், கடைசியாகக் கறங்கள்.