பூஸ்ட் ஏறியதும் எஞ்சின் கட் ஆகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 1991 மாடல் டொயோட்டா எம்ஆர்2 டர்போ இருக்கிறது. பகலில் ஒரு குறையும் இல்லை. குளிர்ந்த இரவுகளில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினால், 4,000 ஆர்பிஎம் தாண்டியதும் சுவரில் முட்டினாற்போல் நிற்கிறது. காலை எடுத்தால் உடனே சரியாகிவிடுகிறது. ஃப்யூல் பம்ப், ஃபில்டர் இரண்டையும் மாற்றிப் பார்த்தாயிற்று, பலனில்லை. எக்ஸாஸ்டை மட்டும் போன வருடம் அகலமானதாக மாற்றினேன். (வாசகர், டொராண்டோ)

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் பம்ப் காசு மிச்சமாகியிருக்கும்!

பெட்ரோல் போதாமல் திணறும் எஞ்சின் இப்படி நிற்காது. இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், மிஸ் அடிக்கும், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மந்தமாகவே இருக்கும். உங்கள் வண்டியில் சட்டென்று வெட்டி, காலை எடுத்ததும் சரியாகிறது என்றால், பெட்ரோலை நிறுத்துவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூதான். பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், எல்லை மீறினால் எஞ்சினைக் காப்பாற்ற, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை அது மூடிவிடும். உங்கள் தலைமுறை 3எஸ்-ஜிடிஇ எஞ்சினில் இந்த எல்லை ஏறத்தாழ 12 பிஎஸ்ஐ, அதாவது 0.8 பாரை ஒட்டி வரும்.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதனால் எக்ஸாஸ்ட் புகையும் கூடுதலாக வந்து டர்போவின் சக்கரமான டர்பைனைச் சுழற்றும். உங்கள் வண்டியின் சிடி26 டர்போவில், புகையை டர்பைனுக்குப் போகவிடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் ஓட்டையோ சின்னது. பழைய எக்ஸாஸ்டின் அடைசல் போனதும், அவ்வளவு புகையையும் அந்த ஓட்டை வழியாகத் திருப்பிவிட முடியவில்லை. பகலில் எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் பூஸ்ட், இரவில் அதைத் தாண்டிவிடுகிறது.

இதை ஊகமாக விடாமல் உறுதிசெய்துகொள்ளுங்கள். எஞ்சின் அறையில் உள்ள டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். செக் எஞ்சின் விளக்கு மூன்று முறை மின்னி, சற்று நின்று, நான்கு முறை மின்னினால் பிழைக் குறியீடு 34: பூஸ்ட் அழுத்தம் மிகை. 35 வந்தால் பூஸ்ட் சென்சாரின் சிக்னலிலேயே கோளாறு. சீராக விடாமல் மின்னினால் எதுவும் பதிவாகவில்லை என்று பொருள்.

அடுத்து, எண் போட்ட பூஸ்ட் கேஜ் ஒன்றை இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் ஹோஸில் ‘டி’ இணைப்புப் போட்டு மாட்டுங்கள். டாஷ்போர்டில் கம்பெனி கொடுத்த முள்ளை நம்பி முடிவெடுக்க முடியாது. கட் ஆகும் கணத்தில் கேஜ் என்ன காட்டுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். கேஜைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

0.8ஐ ஒட்டிக் கட் ஆனால், பூஸ்ட் ஏறும் விதத்தைக் கவனியுங்கள். ஆர்பிஎம் கூடக்கூட மெல்ல மேலேறிக்கொண்டே போனால் வேஸ்ட்கேட் ஓட்டை போதவில்லை. டர்போவைக் கழற்றி ஓட்டையை அகலப்படுத்த வேண்டும், அல்லது பழைய எக்ஸாஸ்டுக்கே திரும்ப வேண்டும். திடீரென்று எகிறினால், ஓட்டையை விட்டுவிட்டு, வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸைப் பாருங்கள். டர்போ சூட்டில் அது கெட்டிப்பட்டு விரிசல் விடும், கழன்றும் போகும். காற்று வராவிட்டால் ஆக்சுவேட்டர் வேஸ்ட்கேட்டைத் திறக்கவே திறக்காது. ஆக்சுவேட்டரையும் கைப்பம்ப் வைத்துச் சோதியுங்கள்: அரை பாரை ஒட்டித் தண்டு அசையத் தொடங்கி, அழுத்தம் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. 0.7 பாருக்கு மேல் அடிக்காதீர்கள்.

எளிய சோதனை ஒன்றும் உண்டு. பூஸ்டைக் கட்டுப்படுத்தும் டி-விஎஸ்வி வால்வை ஒதுக்கிவிட்டு, கம்ப்ரஸர் பக்கத்து ஹோஸை நேராக ஆக்சுவேட்டரில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். பூஸ்ட் குறைந்து கட் ஆவதும் நின்றுபோனால், கோளாறு வால்வில் அல்லது அதன் ஹோஸ்களில். அப்படியும் ஏறிக்கொண்டே போனால் வேஸ்ட்கேட்தான்.

கேஜ் 0.5 காட்டும்போதே கட் ஆகிறதா? அப்படியானால் டர்போவைக் குறைசொல்ல வேண்டாம். பூஸ்ட் சென்சாரின் விசி, இ2 முனைகளுக்கு இடையே 5 வோல்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். இ2 எர்த் வயர் விட்டுப்போனால் சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறும். இல்லாத பூஸ்டை இருப்பதாக ஈசியூ நம்பிவிடும். இந்தச் சென்சார் அளப்பது முழு அழுத்தத்தை, கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்டதை. ஆகவே 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வர் போன்ற ஊரில் இதே வண்டி கேஜில் இன்னும் அதிக எண் காட்டிய பிறகே கட் ஆகும். மலையேறினால் கோளாறு மறைகிறதென்றால் அது குணமானதாகாது.

கேள்வி: ‘ஃப்யூல் கட் டிஃபென்சர்’ என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். அதை மாட்டினால் கட் ஆகாதாமே? (வாசகர், மெல்பர்ன்)

பதில்: கட் ஆகாது, அதுதான் ஆபத்து. சென்சார் வோல்ட்டேஜை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் பிடித்து நிறுத்துவதே அந்தப் பெட்டியின் முழு வேலை. கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோலை அது தராது. எம்ஆர்2வின் இந்தத் தலைமுறையில் இன்ஜெக்டர்கள் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 440 சிசி பெட்ரோல் தருபவை. காற்றை அளப்பது தகடு வைத்த ஏர்ஃப்ளோ மீட்டர். தகடு முழுக்கத் திறந்த பிறகு இன்னும் எவ்வளவு காற்று வந்தாலும் ஈசியூவுக்குத் தெரியாது. கலவை மெலிந்து, நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வந்து, பிஸ்டன் உடையும். பூஸ்ட் ஏன் ஏறியது என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, ஏர்-ஃப்யூல் விகிதத்தை வைட்பேண்ட் மீட்டரில் பார்த்த பிறகு கேளுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

கேள்வி: 1987 மஸ்டா ஆர்எக்ஸ்-7 டர்போ. ஐடில் அருமை. சரியாக 3,800 ஆர்பிஎம்மில் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. இதுவும் பூஸ்ட் கட்தானா? (வாசகர், ஆக்லாந்து)

பதில்: பூஸ்ட் கட் ஆர்பிஎம் பார்த்து வராது, அழுத்தம் பார்த்து வரும். உங்கள் காரில் அந்த எல்லை 8.6 பிஎஸ்ஐ. 3,800இல் நடப்பது வேறு: அதுவரை இரண்டு பிரைமரி இன்ஜெக்டர்கள் மட்டுமே வேலை செய்கின்றன, அங்கேதான் இரண்டு செகண்டரி இன்ஜெக்டர்களும் சேர்கின்றன. ஐடிலில் அவை மூடியே இருப்பதால், ஐடில் அருமை என்பதை வைத்து அவற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

முதலில் எர்த். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் வயர்களைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து மாட்டுங்கள். பிறகு செகண்டரி இன்ஜெக்டர் பிளக்குகளைச் சுத்தம் செய்து, இரண்டின் ரெசிஸ்டன்ஸும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மூன்றாவதாக த்ராட்டில் பொசிஷன் சென்சார்: பெடலை மெதுவாக அழுத்தும்போது மீட்டர் முள் இடையில் துள்ளக் கூடாது. பெரும்பாலும் முதல் வேலையிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் வண்டியை விரட்டிச் சோதிக்காதீர்கள்: ரோட்டரி எஞ்சினில் கலவை மெலிந்து நாக்கிங் வந்தால் ரோட்டர் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் உடையும், எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும்.

கேள்வி: போர்ஷே 944 டர்போ, 1986. அரை மணி நேரம் ஓடிய பிறகு திடீரென அணைகிறது. ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. (வாசகர், லண்டன்)

பதில்: அணையும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுந்தால், ஆர்பிஎம் சிக்னல் போய்விட்டது. கிளட்ச் ஹவுசிங் மேல் இருக்கும் ஸ்பீடு, ரெஃபரன்ஸ் சென்சார்களை அளந்து பாருங்கள். 1, 2 முனைகளுக்கு இடையே 600 முதல் 1,600 ஓம் வர வேண்டும், ஃப்ளைவீல் பக்கம் இடைவெளி 0.8 மி.மீ. சூட்டில் பிளக்குகள் நொறுங்கும், கையாளும்போது கவனம். மாட்டும்போது இரண்டு பிளக்கும் இடம் மாறிவிடக் கூடாது.

முள் சரியாக இருந்தும் அணைந்தால், எஞ்சின் கணினிக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் மின்சாரம் தரும் டிஎம்இ ரிலேதான் காரணம். உள்ளே சால்டர் விரிசல் விட்டு, சூட்டில் விலகி, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். ரிலேயைப் பிடுங்கி, சாக்கெட்டின் 30, 87பி முனைகளை வயரால் இணைத்தால் பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் பம்ப்பும் வயரிங்கும் நலம். புது ரிலே போடுங்கள். வயரை அப்படியே விட்டு ஓட்டாதீர்கள்: விபத்தில் எஞ்சின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த எம்ஆர்2. ரேஸ் ட்ராக்கில் 180 கி.மீ. தொட்டதும் கட் ஆகிறது. (வாசகர், மெல்பர்ன்)

பதில்: கோளாறு இல்லை. ஜப்பான் கார்களில் வைத்திருக்கும் வேகக் கட்டுப்பாடு அது. எந்த கியரில் இருந்தாலும் அதே வேகத்தில் கட் ஆனால் எதையும் கழற்ற வேண்டாம்.