அடம்பிடிக்கும் குழந்தையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

"கடைத்தெருவில், பேருந்து நிலையத்தில் குழந்தை கீழே விழுந்து புரண்டு அடம்பிடித்தால், அடிக்காமல் எப்படிச் சமாளிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குழந்தைக்கு இரண்டு அல்லது மூன்று வயது இருக்கும் என்று நினைக்கிறேன். நேற்றோ முந்தாநாளோ நாலு பேர் முன்னால் கூனிக்குறுகி நின்றுவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்பதும் புரிகிறது. அடிக்காமல் சமாளிக்க முடியும். ஆனால் அடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது. நான் என் மகளை ஒருநாளும் அடித்ததில்லை. இழுத்தேன்.

2017 தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. திருச்சி என்.எஸ்.பி. சாலையில் கால் வைக்க இடமில்லை. மகளுக்கு அப்போது 2 வயது 4 மாதம். காலை 10 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள், மணி இரண்டாகியும் சாப்பிடவில்லை. அவள் தூங்கும் நேரமும் தாண்டிவிட்டது. என் மனைவியும் மாமியாரும் ஒரு ஜவுளிக்கடையின் மேல்தளத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை என் பொறுப்பு. அந்தக் கடையில் நகரும் படிக்கட்டு இருந்தது. அவளை மூன்று முறை ஏற்றி இறக்கினேன். நான்காவது முறை "போதும்மா" என்றேன். படிக்கட்டு வந்து முடிகிற இடத்திலேயே மல்லாந்து விழுந்து, காலை உதைத்துக்கொண்டு கத்தத் தொடங்கிவிட்டாள்.

மேலேயிருந்து ஆட்கள் பையும் கையுமாக இறங்கி வந்துகொண்டே இருக்கிறார்கள். "ஒரு அடி வைத்தால் தானாக எழுந்திருக்கும்" என்றார் ஒரு பெரியவர். "ஊசி போடுகிற டாக்டரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று ஓர் அம்மா அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். ஒரு பையன் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தான். எனக்குக் காது மடல் வரை சூடேறியது. குனிந்து, அவள் இடது மணிக்கட்டைப் பிடித்து, வெடுக்கென்று ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினேன்.

கத்தல் நின்றது. "பார்த்தீர்களா, கொஞ்சம் கண்டிப்புக் காட்டினால் அடங்கிவிடுகிறது" என்றார் அதே பெரியவர். எனக்கும் அந்த நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது மனம் கூசுகிறது.

அவள் அடங்கவில்லை, வலியில் ஒடுங்கிப்போயிருந்தாள். சாப்பிடப் போன இடத்தில் அவளுக்கு உயிரான அப்பளத்தை நீட்டினேன். வாங்கவில்லை. இடது கை உடம்போடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை பின்பக்கம் பார்த்தபடி. வலது கையால் அதைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அப்பளத்தை வாங்க வேண்டுமென்றால் அந்தக் கையை விட வேண்டும். என் மனைவிதான் அதைக் கவனித்தார். தொட்டதும் குழந்தை வீறிட்டாள். விளக்கெண்ணெய் தடவி நீவிவிடலாம் என்றார் மாமியார். அக்கறையில்தான் சொன்னார், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. நேராக எலும்பு மருத்துவரிடம் போனோம்.

டாக்டர் என்ற சொல் காதில் விழுந்ததுமே மகள் என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கடையில் அந்த அம்மா காட்டிய பூச்சாண்டி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். மருத்துவரின் முதல் கேள்வி, "கையைப் பிடித்து இழுத்தீர்களா?" என்பதுதான். "இல்லை, கீழே விழுந்துவிட்டாள்" என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். "விழுந்திருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், முறிவு இருக்கலாம். இழுத்திருந்தால் வேறு" என்றார் மருத்துவர், நிதானமாக. அப்புறம்தான் உண்மையைச் சொன்னேன்.

அவர் விளக்கியது இதுதான். முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தலையை, முழங்கையில் ஒரு நார் வளையம் மோதிரம் போலச் சுற்றிப் பிடித்திருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு அந்தப் பிடிப்பு தளர்வாக இருக்கும். நீட்டிய கையைச் சுண்டி இழுத்தால் எலும்பு சற்று நழுவி, வளையம் மூட்டின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வயதுக்குள்தான் இது நேர்கிறது. ஐந்து வயதுக்குமேல் வளையம் உறுதிப்பட்டுவிடுவதால் அரிது. இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் குழந்தையை ஊஞ்சல் ஆட்டுகிறோமே, அதிலும் நேருமாம். அடம்பிடித்துத் தரையில் விழுகிற வயதும் இதே வயதுதான்.

ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, மறுகையால் அவள் உள்ளங்கை மேலே பார்க்கும்படி திருப்பி மடக்கினார். ஒரு நொடி வேலை. அலறினாள். வெளியே உட்காரச் சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை இடது கையாலேயே பிடுங்கினாள். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். முறிவா நழுவலா என்று நமக்குத் தெரியாது.)

"அப்படியானால் மிதிபட விட்டிருக்க வேண்டுமா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: தூக்கத்தான் வேண்டும். இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, மார்போடு சேர்த்துத் தூக்க வேண்டும். உதைப்பாள், முகத்தில் அறைவாள், பரவாயில்லை. கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. நான்காவது முறை மறுத்தது சரிதான். ஆனால் பசியும் தூக்கமுமாக இருந்த குழந்தையை நாலு மணி நேரம் கூட்டத்தில் வைத்திருந்தவன் நான். ஆத்திரத்தை அடக்குகிற மூளைப்பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது வளர்ந்து முடியவே இருபது வயதைத் தாண்டுகிறது. "வேணும்", "வேண்டாம்" என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு பசி, தூக்கம், கால்வலி, பயம் எல்லாவற்றையும் அவள் சொல்லியாக வேண்டியிருந்தது. சில குழந்தைகளுக்குக் கூட்டத்தின் இரைச்சலும் வெளிச்சமுமே தாங்காது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இது அதிகம். அதை அடம் என்று சொல்வதே தவறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அடுத்த வருடம் வாடகைக்கு வீடு தேடினோம். மூன்று வீடுகளில் முன்பணம் பேசி முடித்த பிறகு, "சின்னக் குழந்தை இருக்கிறதா? சுவரில் கிறுக்கும், மாடியில் குதிக்கும்" என்று கையை விரித்துவிட்டார்கள். அதில் ஒருவர் தம் பேரனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். வீட்டிலும் சத்தம் கூடாது, கடையிலும் சத்தம் கூடாது என்றால் குழந்தைகள் எங்கேதான் அழுவார்கள்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆறு மாதம் கழித்து, திருச்சி ஜங்ஷனில் வைகை எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்தோம். பெரிய பெட்டியைத் தானே தூக்குவேன் என்று ஆரம்பித்தாள். முடியவில்லை, விழுந்து புரண்டாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தண்டவாளத்திலிருந்து தள்ளி, சுவரோரம் கொண்டுபோய் அவளோடு நானும் தரையில் உட்கார்ந்துகொண்டேன். சமாதானம் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. "கோபம் வந்துவிட்டது, தெரிகிறது" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. சுற்றியிருந்த முகங்களைப் பார்க்காமல் அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நிமிடம் அழுதாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

அந்த ஏழு நிமிடத்தில் எங்கள் பெட்டி நடைமேடை நடுவே கிடந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா எழுந்து வந்து, அதை எங்கள் பக்கத்தில் இழுத்து வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.