வரிசையில் நிற்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

கேள்வி: இன்றைய இளைஞர்களுக்கு எந்நேரமும் செல்போனும் ரீல்ஸும்தான். ராணுவத்தில் சேரச் சொன்னால் இவர்களில் எத்தனை பேர் முன்வருவார்கள்? பேசாமல் எல்லோருக்கும் இரண்டு வருடம் கட்டாய ராணுவ சேவை என்று சட்டம் போட்டுவிட்டால் என்ன? (என் மகன் கனடாவில் செட்டில் ஆகிவிட்டான். இல்லையென்றால் நானே அனுப்பியிருப்பேன்.)
- ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சென்னை

பதில்: முன்வருவார்களா என்று கேட்கிறீர்கள். வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். 2022 ஜூனில், நான்கு ஆண்டுக்கு மட்டும் சிப்பாய்களை எடுக்கும் அக்னிபத் திட்டத்தை அறிவித்ததும் வட மாநிலங்களில் ரயில் பெட்டிகளைக் கொளுத்தும் அளவுக்கு எதிர்ப்பு கிளம்பியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் விமானப்படை சுமார் 3,000 இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. வந்து குவிந்தவை 7,49,899. விமானப்படை அதுவரை பார்க்காத கூட்டம். விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் செல்போனும் கையுமாக இருப்பவர்கள்தான். விண்ணப்பமே ஆன்லைனில்தான் ஐயா.

நீங்கள் நடைப்பயிற்சிக்குப் போகும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு பைபாஸ் சாலைக்குப் போய்ப் பாருங்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் நாலைந்து பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் செல்போனில் ஸ்டாப்வாட்ச் பிடித்துக்கொண்டு நிற்பான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தால் முழுதாக 60 மதிப்பெண். பீம் கம்பியில் தொங்கிப் பத்து புல்-அப் எடுத்தால் இன்னொரு 40. அப்புறம் ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். இவ்வளவையும் முடித்த பிறகு மெடிக்கலில் ‘முட்டி இடிக்கிறது’, ‘தட்டைப் பாதம்’ என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவன் ஊருக்கு வந்து, வயது வரம்பு தாண்டும்வரை மறுபடியும் ஓடுவான்.

இவர்கள் கண்ணில் படவில்லை என்றால் அதற்குக் காரணம் இளைஞர்கள் இல்லை. ஓடுகிறவர்கள் நம் அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் இல்லை என்பதுதான் காரணம். பெரும்பாலும் விவசாயி வீட்டுப் பையன், லாரி டிரைவர் மகன், அப்பாவோ மாமாவோ ஏற்கெனவே பட்டாளத்தில் இருந்த குடும்பத்துப் பிள்ளை. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் வரும் அளவுக்கு அங்கே வீட்டுக்கு வீடு ஆள் போயிருக்கிறார்கள். மிச்சமுள்ள நாம் குடியரசு தினத்தன்று வாட்ஸ்அப்பில் கொடி வைக்கிறோம். கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நடுத்தர வர்க்கம் முழுவதும் அந்த அடைப்புக்குறிக்குள்தான் ஒதுங்கி நிற்கிறது. உங்களை மட்டும் சொல்லவில்லை.

சேருகிறவனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதையும் பாருங்கள். முன்பெல்லாம் சிப்பாயாகச் சேர்ந்தவன் பதினைந்து வருடம் முடித்தால் ஆயுளுக்கும் பென்ஷன். அந்த ஒரு வார்த்தைக்காகவே பெண் கொடுத்தவர்கள் உண்டு. இப்போது அக்னிபத்தில் சேரும் அக்னிவீரருக்கு நான்கே ஆண்டு. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், அதில் 30 சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போக, கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டு முடிவில் அரசின் பங்கும் வட்டியும் சேர்த்துச் சுமார் 11.7 லட்சம் கொடுத்து அனுப்புவார்கள். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்களுக்குத் துணை ராணுவப் படைகளில் ஒதுக்கீடு என்று சொல்லியிருக்கிறார்கள். படையின் சராசரி வயது குறையும், பென்ஷன் சுமை குறையும் என்பது அரசுத் தரப்பு நியாயம். வங்கியில் இருந்த உங்களுக்கு அந்தக் கணக்கு எளிதாகப் புரியும். ஆனால் இருபத்திரண்டு வயதில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்து, கல்லூரி முடித்த தம்பிகளோடு போட்டி போட்டு வேலை தேடப்போகிறவன் போடும் கணக்கு வேறு. அது தெரிந்தும்தான் ஓடுகிறான்.

கட்டாய சேவைக்கு வருகிறேன். இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு கோடிப் பேருக்கு மேல் பதினெட்டு வயதைத் தொடுகிறார்கள். தரைப்படையின் மொத்த பலமே 12 லட்சம் சொச்சம். இத்தனை பேருக்குச் சீருடை தைக்கவே தனியாக ஒரு பட்ஜெட் வேண்டும். சுவீடன் 2010-ல் கைவிட்ட கட்டாய சேவையை 2017-ல் திரும்பக் கொண்டுவந்தது, உண்மைதான். ஆனால் அங்கேயும் எல்லோரையும் இழுத்துப்போவதில்லை, பொறுக்கித்தான் எடுக்கிறார்கள். தென் கொரியாவில் பி.டி.எஸ். பாடகர்களே போய்விட்டு வந்தார்கள். எல்லையில் அப்படி ஒரு அண்டை நாட்டை வைத்துக்கொண்டு அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. இன்னொன்றும் உண்டு. கட்டாயம் என்று வந்துவிட்டால் எல்லார் வீட்டுப் பிள்ளையும் சமமாகப் போவான் என்று நினைக்காதீர்கள். வியட்நாம் போரின்போது அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு இருந்தது. கல்லூரியில் படிப்பவனுக்குத் தள்ளிவைப்பு கிடைத்தது. கல்லூரிக்குப் போக வசதியில்லாதவன் போருக்குப் போனான். 1973-ல் அந்த முறையையே நிறுத்திவிட்டார்கள். இங்கே சட்டம் போட்டால் முதல் வாரமே மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்க எந்தெந்த வீட்டில் அலைவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. சிப்பாய் வேலைக்கு ஆள் குவிகிறது. அதிகாரி பதவிகளில் காலியிடம் இருக்கிறது என்று பாதுகாப்பு அமைச்சகமே நாடாளுமன்றத்தில் பலமுறை பதில் சொல்லியிருக்கிறது. அதற்கும் விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் வரத்தான் செய்கின்றன. எஸ்.எஸ்.பி. என்கிற ஐந்து நாள் தேர்வைத் தாண்டுகிறவர்கள்தான் குறைவு. இடம் காலி என்பதற்காக ராணுவம் தரத்தைக் குறைப்பதும் இல்லை. குறைக்கவும் கூடாது.

ஆனால் நம் ஊர்ப் பையன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். அக்னிவீர் பொது நுழைவுத் தேர்வை 2025 முதல் தமிழிலும் எழுதலாம். ஆனால் பிளஸ் டூ முடித்ததும் அதிகாரியாகச் சேர எழுதும் என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வில் கணக்குத் தாளும் பொது அறிவுத் தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். எஸ்.எஸ்.பி.யிலும் அந்த இரண்டு மொழிதான். முதல் நாள் திரையில் மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். அதை வைத்து ஒரு கதை எழுதி, குழுவில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். அதில் தேறாதவர்கள் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த நாள் 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. மனதில் தோன்றுவதை ஒரு வரியாக எழுத வேண்டும். பையன் தமிழில் யோசித்து இங்கிலீஷுக்கு மாற்றுவதற்குள் அடுத்த சொல் வந்துவிடும். தைரியம் இருக்கிறதா, தலைமைப் பண்பு இருக்கிறதா என்று பார்க்க வைத்த தேர்வு, அவன் வரைக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் தேர்வாகிவிடுகிறது. ஆக, சிப்பாயாவதற்கு அவன் மொழி போதும், அதிகாரியாவதற்குப் போதாது. பரங்கிமலையில் 1963 முதல் அதிகாரிகள் பயிற்சி மையம் இருக்கிறது, உடுமலை பக்கம் அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் இவற்றைப் பற்றி யாராவது சொல்லியிருக்கிறோம்?

பெண்களை நீங்கள் கேள்வியிலேயே சேர்க்கவில்லை. பரங்கிமலையில் 1992 முதலே பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்த பிறகு என்.டி.ஏ.வுக்குள்ளும் போனார்கள். முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

மகனை அனுப்ப முடியவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவின் பிள்ளையோ, வாட்ச்மேனின் மகளோ பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கலாம். என்.டி.ஏ. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. தரைப்படைப் பிரிவுக்கு பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் சரி. விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். பயிற்சிச் செலவு அரசுடையது. பொது அறிவுத் தாளின் 600 மதிப்பெண்ணில் 200 ஆங்கிலத்துக்கு. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொடுக்க முடியாதா என்ன?