கேஸ் இணைப்பு இல்லாத ஃபிளாட்: லண்டன் குளிருக்கு எவ்வளவு செலவாகும்?

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். கேஸ் கிடையாது, ஹீட்டிங், வெந்நீர், அடுப்பு எல்லாம் கரண்ட்தான். பக்கத்துத் தெருவில் அதே அளவு ஃபிளாட், கேஸ் பாய்லரோடு, வாடகை மாதம் 40 பவுண்ட் அதிகம். எலெக்ட்ரிக் ஹீட்டர் நூறு சதவீதம் திறனுள்ளது, செலவு குறைவு என்கிறார் ஏஜென்ட். கைக்குழந்தை இருப்பதால் வீட்டைக் குளிர விட முடியாது. எதை எடுக்கலாம்?"

சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. விடையே அதில்தான் இருக்கிறது. சாதாரண பேனல் ஹீட்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம், கேஸ் ஃபிளாட்டை எடுங்கள்.

ஏஜென்ட் சொன்ன நூறு சதவீதம் பொய்யில்லை. ஹீட்டருக்குள் போகும் ஒரு யூனிட் கரண்ட் முழுதாக ஒரு யூனிட் சூடாக வெளியே வரும். கேஸ் பாய்லரில் பத்து சதவீதத்துக்கு மேல் புகைக்குழாய் வழியே போய்விடும். ஆனால் அந்த ஒரு யூனிட்டுக்கு நீங்கள் என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதை அவர் சொல்லவில்லையே! 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, கேஸ், கரண்ட் விலையைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்ஜெம் வைத்த விலை உச்சவரம்பில் கரண்ட் யூனிட் சுமார் 27 பென்ஸ், கேஸ் யூனிட் சுமார் 7 பென்ஸ். இந்த வரம்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், ஊருக்கு ஊர் கொஞ்சம் வேறுபடவும் செய்யும், ஆனால் கரண்ட் கிட்டத்தட்ட நாலு மடங்கு என்பது பெரிதாக மாறுவதில்லை. பிரிட்டனில் கரண்டின் மொத்தச் சந்தை விலையைப் பெரும்பாலான நேரம் தீர்மானிப்பதே கேஸில் ஓடும் மின்நிலையங்கள்தான். அதற்கு மேல் அரசுத் திட்டங்களுக்கான வசூலும் கேஸ் பில்லைவிடக் கரண்ட் பில்லில்தான் அதிகம் ஏறுகிறது.

கையில் பிடிக்கிற மாதிரி சொல்கிறேன். 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை மாலையில் ஆறு மணி நேரம் விடாமல் ஓட்டினால் 12 யூனிட், அதாவது 3 பவுண்ட் 24 பென்ஸ். அதே சூட்டைக் கேஸ் பாய்லர் ஏறக்குறைய 95 பென்ஸுக்குக் கொடுக்கும். இன்ஃப்ராரெட், ஆயில் நிரப்பியது, 'லோ எனர்ஜி' என்று பெட்டியில் அச்சடித்தது என்று எதை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது, தயவுசெய்து அதற்கென்று தனியாகப் பணம் போடாதீர்கள்.

இப்போது வருடக் கணக்கு. உங்கள் ஃபிளாட்டுக்கு ஹீட்டிங்கும் வெந்நீரும் சேர்த்து ஆண்டுக்கு 7,000 யூனிட் சூடு தேவை என்று வைத்துக்கொண்டேன். கேஸில், பாய்லரில் வீணாவதையும் சேர்த்து 557 பவுண்ட், அப்புறம் கேஸுக்கு மட்டுமான ஸ்டாண்டிங் சார்ஜ் (எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டியது) வருடத்துக்கு ஏறக்குறைய 120, ஆக 680 பவுண்டுக்குள். பேனல் ஹீட்டரும் சாதாரணக் கட்டணமும் என்றால் 1,890 பவுண்ட். மாதத்துக்கு நூறு பவுண்ட் வித்தியாசம். வாடகையில் மிச்சமாகும் 40 பவுண்ட் அதில் பாதிகூட இல்லை.

சுவரோரம் கனமான பெட்டி, மேலே இன்புட், அவுட்புட் என்று இரண்டு திருகுகள் இருந்தால் அது ஸ்டோரேஜ் ஹீட்டர். இரவில் மலிவுக் கரண்டில் உள்ளே இருக்கும் செங்கல்லைச் சூடேற்றி, பகலில் மெல்ல விடும். இரவில் ஏழு மணி நேரம் மலிவாகக் கரண்ட் தரும் எகானமி 7 கட்டணத்தில் இரவு 15 பென்ஸ், பகல் 32 பென்ஸ் என்று எடுத்து, ஐந்தில் நாலு பங்கு சூடு இரவிலேயே ஏறுகிறது என்று போட்டால் 1,290 பவுண்ட் வருகிறது (இந்த விலைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்). பகல் விலை கூடுவதால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் செலவும் கொஞ்சம் ஏறும். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிப் பேர், சூட்டை வெளியே விடும் அவுட்புட் திருகை இரவெல்லாம் திறந்தே வைத்திருப்பார்கள். சூடு விடியும்போதே போய்விடும், மாலையில் குழந்தை நடுங்கும், உடனே ப்ளக்கில் இன்னொரு ஹீட்டரை மாட்டுவார்கள், அதுவும் பகல் விலையில். தூங்கப் போகும்போது அவுட்புட்டை மூடுங்கள், மாலையில்தான் திறக்க வேண்டும். மலிவு நேரத்தில் ஹீட்டரைப் போட ரேடியோ சிக்னலை நம்பும் பழைய மீட்டரா என்றும் கேளுங்கள். அந்தச் சிக்னலை 2025 ஜூன் 30 முதல் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள், மாற்றாத மீட்டரில் ஹீட்டர் தப்பான நேரத்தில் ஓடலாம், ஓடாமலும் போகலாம்.

பால்கனியில் ஏசியின் அவுட்டோர் யூனிட் மாதிரி ஃபேன் வைத்த பெட்டி இருக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் ஹீட் பம்ப், கதையே வேறு. ஏசி அறைச் சூட்டை வெளியே தள்ளுவதுபோல இது வெளிக்காற்றில் உள்ள சூட்டை உள்ளே கொண்டுவருகிறது, அதனால் ஒரு யூனிட் கரண்டுக்குச் சராசரியாக மூன்று யூனிட் சூடு கிடைக்கும். அதே 7,000 யூனிட் சூட்டுக்கு வருடம் 630 பவுண்ட்தான்! கேஸ் ஸ்டாண்டிங் சார்ஜும் இல்லை. அப்போது 40 பவுண்ட் குறைவான அந்த ஃபிளாட்டையே எடுங்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் எடுப்பேன். ரேடியேட்டர் கை சுடாது, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பயந்து அணைத்து அணைத்துப் போடாமல் குறைந்த சூட்டில் ஓட விடுங்கள்.

நான் போட்ட 7,000 வெறும் அனுமானம்தான். மேலும் கீழும் வேறு வீடு உள்ள நடுத்தளத்துக்கு இதைவிடக் குறையும், மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பழைய கட்டடத்துக்குக் கூடும். ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் இ.பி.சி (வீட்டின் எரிசக்தித் திறன்) சான்றிதழ் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், போஸ்ட்கோடு போட்டால் போதும். ஏ, பி, சி என்ற எழுத்தோடு நிறுத்தாமல் கீழே வாருங்கள்: ஹீட்டிங்குக்கும் வெந்நீருக்கும் ஆண்டுக்கு எத்தனை யூனிட் தேவை என்று எழுதியிருக்கும். அதைக் கூட்டி 7,000 இருக்கும் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

அடுப்பு இண்டக்ஷன் என்றால் இரும்பு தோசைக்கல் வேலை செய்யும், அலுமினியக் குக்கர் வேலை செய்யாது. செலவில் பெரிய வித்தியாசம் வராது, பாத்திரம் மாற்றும் செலவுதான்.

கையெழுத்துப் போடும் முன் பழைய குடித்தனக்காரரின் பில்லைக் கேட்டு வாங்குங்கள். பவுண்டைப் பார்க்காதீர்கள், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் எத்தனை யூனிட் என்று பாருங்கள். தர மறுத்தால் ஹீட்டர்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்த வகை என்று சொல்கிறேன்.