உங்கள் தெருவில் சமீபத்தில் இறந்தவர்களை எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்?

இந்தக் கேள்விய பாத்துட்டு ரெண்டு நாள் சும்மா விட்டுட்டேன். ஏன்னா எங்க தெருவுல செத்தவங்கள ஞாபகம் வச்சுக்கிற வேலைய பாதி நான்தான் காசு வாங்கிட்டு செஞ்சுட்டு இருக்கேன். கோவில்பட்டில ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன், கூடவே பிளெக்ஸ் ஆர்டர். ஒரு வீட்ல கேதம் விழுந்தா அழுகை சத்தம் அடங்குறதுக்குள்ள அந்த வீட்டு மருமகனோ கொழுந்தனோ வண்டிய ஸ்டாண்டு கூட போடாம நின்னுக்கிட்டே ஒரு போட்டோவ வாட்சப்ல தட்டி விட்டு "ஆறுக்கு நாலு, ரெண்டு மணிக்குள்ள வேணும்"னு சொல்லிட்டு பந்தல்காரர பாக்க ஓடிருவாங்க.

என் கம்ப்யூட்டர்ல 'அஞ்சலி'னே ஒரு ஃபோல்டர் இருக்கு. நடுவுல வட்டம், ரெண்டு மூலையிலயும் கண்ணீர் வடியிற கண்ணு, கீழ தோற்றம், மறைவு, ஓரத்துல ரோஜாப்பூ. போட்டோவையும் பேரையும் மாத்தினா அஞ்சு நிமிஷ வேலை. 'இமயம் சரிந்தது'ன்னு போடணுமா 'ஆலமரம் சாய்ந்தது'ன்னு போடணுமாங்கறத மட்டும் வீட்டுக்காரங்க சொல்லணும். ஒருதடவ அவசரத்துல முந்தின ஆளோட மறைவு தேதிய மாத்தாம அடிச்சு குடுத்துட்டேன், மனுசன் சாகுறதுக்கு மூணு மாசம் முன்னாடியே செத்த மாதிரி அது தெருமுனையில பதினாறு நாள் தொங்குச்சு, ஒருத்தர் கேக்கல. அப்பதான் தோணுச்சு, இத யாரும் படிக்கிறதே இல்லைன்னு.

நான் ஒரு நோட்டு போட ஆரம்பிச்சது 2021 மே மாசம். கொரோனா ரெண்டாவது அலை, எங்க தெருவுலயும் பக்கத்து தெருவுலயுமா ஒரே மாசத்துல அஞ்சு சாவு. இருபது பேருக்கு மேல கூடக் கூடாது, நீர்மாலை, அதான் செத்தவங்கள குளிப்பாட்ட தண்ணி, எடுக்கக்கூட ஆள் பயந்த நேரம். அதே மாசம் 17-ம் தேதி எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) தவறிட்டாரு, புதுச்சேரில. கயத்தாறு போற வழியில இடைசெவல், அவரு பொறந்த ஊரு, அங்கயே கொண்டு வந்து அரசு மரியாதையோட அடக்கம் பண்ணாங்க. பின்னாடி கோவில்பட்டிலயே நினைவரங்கமும் கட்டியாச்சு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, பண்ண வேண்டியதுதான். ஆனா அவரு என்ன பண்ணாரு, கரிசக்காட்டு ஜனங்க பேசுற சொல்ல எல்லாம் பொறுக்கி ஒரு அகராதியா சேத்து வச்சாரு. அந்த சொல்ல பேசினவங்க எங்க தெருவுல ஒவ்வொருத்தரா போயிட்டு இருக்காங்க, அவங்களுக்கு நான் போட்டது 'கண்ணீர் அஞ்சலி' டெம்ப்ளேட்டு நம்பர் மூணு. மனசு கேக்கல. பழைய மொய் நோட்டு ஒண்ணு பாதி எழுதாம கெடந்துச்சு, அதோட பின்பக்கத்துல எழுத ஆரம்பிச்சேன்.

அதுல இருந்து சமீபத்துல போன நாலு பேர சொல்றேன். பேரு போடல, அந்தந்த வீட்ல கேக்காம போடுறது முறை இல்ல.

முதல்ல எதிர்வீட்டு ஆச்சி. போன ஆடில தவறுனாங்க, வீட்லயேதான், ராத்திரி படுத்தவங்க காலைல எந்திரிக்கல. வீட்ல நடந்த சாவுங்கறதால 21 நாளுக்குள்ள நாமதான் பதியணும், நகராட்சி படிவத்த என் கடைக்குத்தான் கொண்டு வந்தாங்க. அந்தப் படிவத்த நெறைய பேர் முழுசா பாத்திருக்க மாட்டீங்க. இறந்தவரோட தொழில் என்னன்னு ஒரு கட்டம் இருக்கும். சிகரெட் எத்தன வருஷம், புகையிலை எத்தன வருஷம், பாக்கு எத்தன வருஷம்னு வரிசையா கேக்கும். பாக்குக்கு எத்தன வருஷம் போடலாம்னு நான் கேட்டதும் மக ஒரு கணக்கு, மருமக ஒரு கணக்கு, "சமைஞ்ச அன்னைக்கே ஒரு வாய் போட்டேம்பாங்களே"ன்னு பேத்தி சொல்ல, எல்லாரும் சிரிச்சுட்டாங்க. மூணு நாள் கழிச்சு அந்த வீட்ல சிரிச்சது அப்பதான். சரி, தொழில்னு கேட்டேன். மகன் யோசிக்கவே இல்ல, "வீட்லதான் இருந்தாங்க, ஹவுஸ் வைஃப்னு போடுங்க"ன்னாரு.

எனக்கு பேனா ஓடல. நாப்பது வருஷத்துக்கு மேல தீப்பெட்டி ஆபீசுக்கு போனவங்க. வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், எங்க பக்கம் தீப்பெட்டி ஃபேக்டரிய ஆபீசுன்னுதான் சொல்லுவோம், தூக்குச்சட்டியோட காலைல கும்பலா போற பொம்பளைங்கள பாத்தா "ஆபீசுக்கு போறாக"ம்பாங்க. ஆச்சி சின்னப்பிள்ளையா குச்சி அடுக்கப் போனவங்க, கடைசி வருஷங்கள்ல பெட்டி அடைப்பு. அவங்க கை ஒரு தடவ குச்சிய அள்ளுச்சுன்னா ஒரு பெட்டிக்கான குச்சி. எண்ண மாட்டாங்க. நான் சின்னப்பையனா இருக்கறப்ப நம்பாம வாங்கி எண்ணிப் பாத்திருக்கேன், ஒண்ணு கூட இருக்கும் இல்ல ஒண்ணு கொறையும், அவ்வளவுதான். 2021 டிசம்பர்ல தீப்பெட்டி வெலைய ஒரு ரூபாய்ல இருந்து ரெண்டு ரூபாய் ஆக்குனாங்கல்ல, 14 வருஷம் கழிச்சு ஏத்துனது, அப்ப பெட்டிக்கு 36 குச்சிங்கறத 50 ஆக்கிட்டாங்க. ரெண்டு வாரம் ஆச்சி கை பழைய கணக்குலயே போய் நின்னுச்சாம். "ஏல, புத்திக்கு சொல்லிட்டேன், கைக்கு சொல்ல முடியலல"ன்னு என் கடை படில உக்காந்து சொன்னாங்க. இத விட நல்லா இத யாரால சொல்ல முடியும்.

பிளெக்சுக்கு அவங்க போட்டோவே இல்ல. ஆதார்ல இருக்கறது அடையாளமே தெரியாது, கடைசில ஒரு கல்யாண பந்தில இலை முன்னாடி உக்காந்திருக்கற போட்டோ கெடைச்சுது, மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்து வட்டத்துல வச்சேன். வெட்டிட்டு பாக்கறேன், சோத்த அள்ளுற கை ஸ்கிரீன்ல தனியா கெடக்கு. அந்த முழு போட்டோவ இன்னொரு பிரிண்ட் போட்டு நோட்டுல ஒட்டிட்டேன்.

வயசும் தப்பு. ஆதார்ல 01.01.1955. எங்க தெருவுல வயசானவங்க பாதிப் பேருக்கு பொறந்த நாள் ஜனவரி ஒண்ணுதான், கேட்டா தெரியாதும்பாங்க, எழுதுறவன் போட்டுக்குவான். ஆனா ஆச்சி தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப நான் சமைஞ்சு ரெண்டு வருஷம்னு சொல்லிட்டே இருப்பாங்க. புயல் 1964 டிசம்பர். அப்ப கணக்கு போட்டா ஆறேழு வயசு கூட வரும். ஒரு மனுசியோட ஆறு வருஷத்த அட்டை முழுங்கிருச்சு. தொழில் கட்டத்துல நான் 'தீப்பெட்டித் தொழிலாளி'ன்னு எழுதிட்டுத்தான் மகன்கிட்ட கையெழுத்து வாங்குனேன். அவரு படிச்சாரு, ஒண்ணும் சொல்லல. (சர்ட்டிபிகேட்ல அந்த கட்டம் பிரிண்டே ஆகாது, அது வேற விஷயம்.)

ரெண்டாவது பாகு அண்ணாச்சி. கடலைமிட்டாய் போடுற எடத்துல பாகு பதம் பாக்கறவரு. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கெடைச்சப்ப டிவிக்காரங்க வந்து ஓனர்கிட்ட எல்லாம் பேசுனாங்க, அண்ணாச்சி பின்னாடி அடுப்புகிட்ட முதுக காட்டிக்கிட்டு நின்னாரு. வெல்லப்பாக ஒரு சொட்டு தண்ணில விட்டு எடுத்து, உருட்டி, கிண்ணத்து ஓரத்துல தட்டுவாரு. அந்த சத்தம்தான் பதம். சத்தம் மொத்தையா வந்தா இன்னும் கொதிக்கணும், கணீர்னு வந்தா கடலைய கொட்டலாம், தாண்டிருச்சுன்னா கசக்கும். தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி குடுத்தாங்களாம், அத வச்சு முதுகு சொறிஞ்சாருன்னு கூட வேலை பாத்த பயலுக சொல்றானுக, உண்மையா பொய்யான்னு தெரியாது, ஆனா செய்யக்கூடிய ஆளுதான். சுகர் இருந்துச்சு. இருபது வருஷமா மிட்டாய் வாயில வச்சதில்ல, மேல தூவுற கலர் தேங்காப்பூவ மட்டும் ஒரு கிள்ளு எடுத்து போட்டுக்குவாரு.

அவரு போனதுக்கு மறுநாள் லீவு, அதுக்கு மறுநாள் போட்ட மிட்டாய் பல்லுல ஒட்டிக்கிச்சு. பாகு முன்னாடியே எறக்கிட்டாங்க. அந்த மிட்டாய விக்காம தெருவுக்கே குடுத்தாங்க, நாங்க எல்லாம் ஒட்டுன பல்ல நாக்கால தொழாவிக்கிட்டே அண்ணாச்சிய பத்தி பேசிட்டு இருந்தோம். அவரோட பிளெக்ஸ் இப்பவும் இருக்கு, கொட்டகையில கடலை மூட்டை மேல மூடியிருக்காங்க, மழைக்கு. மூஞ்சி உள்பக்கம். இது அவமரியாதைன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், அவரு உயிரோட இருந்தாலும் "நல்ல கனமான துணி, வீணாக்காதீக"ன்னுதான் சொல்லியிருப்பாரு.

மூணாவது ஆள பத்தி எழுதலாமா வேண்டாமான்னு இருந்துச்சு. எங்க பக்கத்து வீட்டு பெரியவரு. நல்லவருன்னு சொன்னா என் வாய் வெந்துரும். எங்க காம்பவுண்டு அரை அடி அவரு எடத்துல இருக்குன்னு பதினோரு வருஷம் சண்டை, நூல் புடிச்சு அளந்தாரு, சர்வேயர கூட்டிட்டு வந்தாரு, எங்க அம்மா கோலம் போட்டா அந்த அரை அடி வரைக்கும் தண்ணி ஊத்தி அழிப்பாரு. செத்தவங்கள பத்தி கொறை சொல்லக் கூடாதும்பாங்க. ஆனா கொறைய எடுத்துட்டா அவருல மிச்சம் என்ன இருக்கு? நோட்டுல அப்படியே எழுதி வச்சிருக்கேன், கூடவே அந்த நூல் கண்டு மஞ்சக் கலருங்கறதையும். அவரு போயி ஏழு மாசம் ஆச்சு, வீடு பூட்டிக் கெடக்கு, இன்னைக்கும் எங்கப்பா பைக்க நிறுத்தறப்ப அந்த அரை அடிய விட்டுட்டுத்தான் நிறுத்துறாரு. "யாருக்குப்பா பயப்படுறீங்க"ன்னு கேட்டேன். மொறைச்சாரு.

இந்த மாதிரி தகவல் எல்லாம் எப்படி கெடைக்குதுன்னா, பதினாறாம் நாள் விசேஷத்துக்கு போனீங்கன்னா சாப்பிட்டுட்டு உடனே எந்திரிக்காதீங்க. "எப்படிப்பட்டவரு"ன்னு கேட்டா எல்லாரும் பிளெக்ஸ் பாஷையில தங்கமானவருன்னுதான் சொல்லுவாங்க. "காலைல எந்திரிச்சதும் மொத என்ன பண்ணுவாரு", "எதுக்கு கோவம் வரும்"னு கேளுங்க, அப்புறம் நிறுத்த முடியாது. வாட்சப்ல அவங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எதாவது கெடந்தா அழியுறதுக்குள்ள எடுத்து வைங்க, போன் மாத்தறப்பதான் பூராம் போயிரும். பாகு அண்ணாச்சி குரல் யார்கிட்டயும் இல்ல.

கடைசியா தண்ணி அண்ணன். வால்வு தொறந்து விடுறவரு. எங்க ஊரு தண்ணிக்கு பட்ட பாடு பழைய ஆளுங்களுக்கு தெரியும், தாமிரபரணில இருந்து குழாய் வழியா வரணும், எந்த தெருவுக்கு என்னைக்குங்கறது இவரு கையிலதான். கையில பெரிய டி மாதிரி ஒரு சாவி, சைக்கிள் கேரியர்ல கட்டி வச்சிருப்பாரு, அது ரோட்டுல உரசுற சத்தம் கேட்டா பொம்பளைங்க கொடத்த எடுத்துருவாங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டி ஆத்துல வெள்ளம் போச்சே, ஊரெல்லாம் தண்ணி, குடிக்க தண்ணி இல்ல. அப்ப அவரு வீடு வீடா போயி இன்னும் நாலு நாள் ஆகும், இருக்கறத பாத்து செலவழிங்கன்னு சொல்லிட்டு போனாரு. போன்ல சொல்லியிருக்கலாம். "போன்ல சொன்னா நம்ப மாட்டீக, மூஞ்சிய பாத்து திட்டுனாத்தான் ஒங்களுக்கு அடங்கும்"னாரு.

தை மாசம் போயிட்டாரு, நெஞ்சுவலி, அம்பத்தி சொச்சம் வயசு. அவரு நம்பர் தெருவுல எல்லார் போன்லயும் இருக்கு, 'தண்ணி அண்ணன்'னு. பழக்கத்துல கூப்பிட்டுருவாங்க, அவரு சம்சாரம் எடுப்பாங்க, ஆரம்பத்துல "அவுக இல்லம்மா"ன்னு சொல்லி ரெண்டு பக்கமும் அழுகை. இப்ப அந்த அக்கா புதுசா வந்த பையன்கிட்ட தெனம் சாயங்காலம் கேட்டு காலண்டர்ல எழுதி வச்சுக்கறாங்க, யாரு கூப்பிட்டாலும் பதில் சொல்றாங்க. நேத்து நானும் அடிச்சேன். நம்ம தெருவுக்கு செவ்வாக்கெழமை, அஞ்சு மணிக்கு மேலன்னாங்க.